மதுவும் நீரிழிவும்: சூளைத் தொழிலாளரும் உழவரும் அறிய வேண்டிய ஒரு கணக்கு

விருத்தாசலம் என்றவுடன் பலருக்கும் நினைவிற்கு வருவன இரண்டு. ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த பழமலைநாதர் திருக்கோயில். மற்றொன்று பீங்கான் தொழில். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகற்றும்பொழுது கிடைக்கும் களிமண், இவ்வூர்ப் பீங்கான் தொழிலுக்குப் பெருந்துணையாயிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலின் நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இந்நகரில் உள்ளன. சுற்றுப்புறக் கிராமங்களில் நெல்லும் கரும்பும் மணிலாவும் முந்திரியும் விளைகின்றன. ஆகவே சூளைத் தொழிலாளியும் உழவரும் ஒரே கிராமத்தில், சில வேளைகளில் ஒரே வீட்டில் வாழ்வதை இவ்வட்டாரத்தில் காணலாம்.

சூளையின் வெப்பத்திலும் வயலின் வெயிலிலும் நாள் முழுதும் உழைப்பவருக்கு மாலையில் உடல் அலுப்பு மேலிடுவது இயல்பே. அவ்வலுப்பைப் போக்க மது உதவும் என்ற எண்ணம் கிராமங்களில் வேரூன்றியுள்ளது. மது கைப்பொருளை அழிக்கும், குடும்பத்தைக் குலைக்கும், கல்லீரலைக் கெடுக்கும் என்பன பல மேடைகளில் எடுத்துக் கூறப்பட்டவை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தியை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். நச்சுச் சாராயம் சில மணி நேரத்தில் உயிரைக் குடிப்பதால் ஊரே அலறுகின்றது. ஆனால் முத்திரையிட்ட புட்டியில் விற்கப்படும் மதுவும் பல ஆண்டுகளில் ஒரு நோயை ஓசையின்றிக் கொணர்ந்து சேர்க்கின்றது. அதுவே நீரிழிவு. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நீரிழிவு என்பது யாது?

நாம் உண்ணும் சோறும் களியும் கிழங்கும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. இரைப்பைக்குப் பின்புறம் அமைந்துள்ள கணையம் என்னும் உறுப்பு, இன்சுலின் என்னும் சுரப்பை வெளியிடுகின்றது. வாய்க்காலில் வரும் நீரை வயலுக்குள் விட மடையைத் திறப்பவர் ஒருவர் வேண்டுமல்லவா? அதுபோல, இரத்தத்தில் ஓடும் சர்க்கரையைத் தசைகளுக்குள் விடும் பணியை இன்சுலின் செய்கின்றது.

மடை திறப்பவரே இல்லாத நிலை முதல்வகை நீரிழிவு. இது பெரும்பாலும் இளவயதில் தோன்றுவது. மடை திறப்பவர் இருந்தும், மடைப்பலகை இறுகிப்போய் எளிதில் திறக்க மறுக்கும் நிலை இரண்டாம் வகை. நம்மிடையே மிகுதியாகக் காணப்படுவது இவ்விரண்டாம் வகையே. தொடக்கத்தில் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் களைத்து விடுகின்றது. அப்பொழுது வாய்க்காலில் நீர் பெருகிக் கரையை அரிப்பதுபோல், இரத்தத்தில் சர்க்கரை பெருகிக் கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றை அரிக்கத் தொடங்குகின்றது.

வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் அது நீரிழிவு எனக் கொள்ளப்படும். குளுக்கோஸ் கரைசலைப் பருகி இரண்டு மணி நேரம் சென்றபின் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பினும் அவ்வாறே. இக்கரைசல் சோதனையில் 140 முதல் 199 வரை இருப்பது நீரிழிவின் முன்னிலை. இம்முன்னிலையில் உள்ளவர்க்குப் பெரும்பாலும் எவ்வகைத் துன்பமும் தோன்றாது. அதனாலேயே அதனைப் பலரும் அறியாமல் இருந்துவிடுகின்றனர்.

நாட்டின் நிலை

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் இந்நோய் பட்டணத்துச் செல்வர்க்கு உரியது என்றே பலரும் எண்ணினர். இன்றைய நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரைச் சோதித்தனர். 2023இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவின்படி, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதன் முன்னிலையும் உள்ளன. நாடு முழுதும் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருக்க, தமிழ்நாட்டில் அது 14.4 ஆக உள்ளது. நாடளாவிய கணக்கில் நகர்ப்புறங்களில் நூற்றுக்கு 16.4 பேரும், கிராமப்புறங்களில் 8.9 பேரும் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். உழைப்பவரை இந்நோய் அணுகாது என்னும் நம்பிக்கை இனி நிற்காது.

இனி மதுவின் நிலையைக் காண்போம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மது அருந்துபவர். பெண்களில் அருந்துவோர் மிகச் சிலரே.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். நீரிழிவு உள்ளவர் யாவரும் குடிப்பவர் அல்லர். குடியாத பெண்களுக்கும் இந்நோய் மிகுதியாக வருகின்றது. பரம்பரை, வயது, இடுப்புக் கொழுப்பு, உணவு, உழைப்புக் குறைவு எனக் காரணங்கள் பல. அவற்றுள் பரம்பரையையும் வயதையும் நம்மால் மாற்ற இயலாது. மதுவோ நம் கையால் எடுத்து நம் வாயில் ஊற்றப்படுவது. ஆகவே நம் கையாலேயே நிறுத்தப்படக் கூடியது.

மது உடலில் செய்வது என்ன?

முதலாவது, கல்லீரல். மது உள்ளே சென்றவுடன் கல்லீரல் தன் மற்றப் பணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, மதுவைச் சிதைக்கும் பணியில் முனைகின்றது. எரிந்து தீர வேண்டிய கொழுப்பு அப்பொழுது எரியாமல் கல்லீரலிலேயே படிகின்றது. புதிய கொழுப்பும் உண்டாகின்றது. நாள்தோறும் இவ்வாறு நிகழின் கல்லீரல் கொழுப்பேறிப் பருக்கின்றது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்குப் பணிவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கும் வேளையிலும், தானும் சர்க்கரையை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றது. முன்னர்க் கூறிய மடைப்பலகை இறுகுவது இவ்வாறுதான்.

இரண்டாவது, கணையம். நெடுநாள் மிகுதியாகக் குடிப்போருக்குக் கணையம் அழற்சியுற்று, நாளடைவில் தழும்பேறிச் சுருங்கிப் போவதுண்டு. இன்சுலின் சுரக்கும் இடமே அழிவதால் நீரிழிவு தோன்றுகின்றது. இதனை மருத்துவர் இரண்டாம் வகையினின்றும் வேறாகப் பிரிப்பர். எனினும் சோதனையின்றி இரண்டாம் வகை என்றே கருதப்படுவதும் உண்டு. நாட்பட்ட கணைய அழற்சி உற்றோரைப் பற்றி இந்தியாவின் பல பகுதிகளிலும் திரட்டப்பெற்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ ஐவரில் இருவருக்கு மதுவே காரணம் எனக் கண்டது. உண்டபின் மேல்வயிற்றில் தோன்றி முதுகிற்குப் பரவும் வலி, எண்ணெய்ப் பசையுடன் கழியும் மலம், உடல் மெலிவு ஆகியன இதன் அறிகுறிகள். குடிப்பழக்கம் உள்ளவர்க்கு இவ்வலி வருமாயின் சூட்டு வலி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, இடுப்பு. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி ஆற்றலைத் தருகின்றது. ஒரு கிராம் மதுச்சாரம் 7 கலோரி தருகின்றது. ஆனால் அதில் புரதமும் இல்லை, உயிர்ச்சத்தும் இல்லை. மதுவுடன் கலக்கும் இனிப்புக் குளிர்பானமும், தொட்டுக்கொள்ளும் எண்ணெய்ப் பண்டமும் அதற்கு மேலும் சேர்கின்றன. நம் நாட்டவரிடம் ஓர் இயல்பு உண்டு. பார்வைக்கு மெலிந்திருப்பினும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது மிகுதி. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் எல்லையைத் தாண்டின் அபாயம் தொடங்குவதாக மருத்துவர் கூறுவர். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்த உடம்பு, உழைத்து உரமேறிய உடம்பு அன்று. நோயை வரவேற்கும் உடம்பு.

“அளவோடு குடித்தால் நல்லது” என்னும் பேச்சு

சிறிதளவு மது நீரிழிவைத் தடுக்கும் என்று செய்தித்தாளில் படித்ததாகச் சிலர் கூறுவர். இப்பேச்சு முற்றிலும் கற்பனையன்று. ஆகவே இதனை ஆராய்ந்தே விடை கூறுதல் வேண்டும்.

2009ஆம் ஆண்டில் டயாபெடிஸ் கேர் என்னும் மருத்துவ இதழில், 20 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. நாளொன்றுக்கு 22 கிராம் மதுச்சாரம் அருந்திய ஆண்களுக்கு, வாழ்நாள் முழுதும் குடியாதவரைக் காட்டிலும் நீரிழிவு சற்றுக் குறைவாகத் தோன்றியதாக அதில் கணக்கிடப்பட்டது. ஆனால் அளவு நாளொன்றுக்கு 60 கிராமைத் தாண்டியதும் அந்நன்மை மறைந்து, கணக்கு தீமையின் பக்கம் திரும்பிற்று. பெண்களுக்கு அவ்வெல்லை 50 கிராம்.

இப்பொழுது நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் மாநிலத்தில் மிகுதியாக வாங்கப்படுவது 180 மில்லி லிட்டர் கொண்ட ‘குவார்ட்டர்’ புட்டி. பிராந்தி, ரம், விஸ்கி முதலியவற்றில் மதுச்சாரம் 42.8 விழுக்காடு என்று புட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 180 மில்லி லிட்டரில் 42.8 விழுக்காடு என்பது 77 மில்லி லிட்டர் தனி மதுச்சாரம். மதுச்சாரம் நீரைவிட இலேசானது. ஒரு மில்லி லிட்டர் ஏறத்தாழ 0.79 கிராம் எடையுள்ளது. ஆகவே 77 மில்லி லிட்டரின் எடை ஏறத்தாழ 61 கிராம்.

அதாவது, அவ்வாய்வில் எந்த அளவைத் தாண்டியதும் தீமை தொடங்குவதாகக் கண்டார்களோ, அவ்வளவு ஒரே குவார்ட்டரில் நிரம்பி விடுகின்றது. ஆய்வாளர் ‘அளவு’ என்று குறித்த 22 கிராம், அப்புட்டியில் ஏறத்தாழ 65 மில்லி லிட்டர். மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. “நான் அளவோடு ஒரு குவார்ட்டர்தான் குடிக்கின்றேன்” என்பவர், அந்த ‘அளவைப்’ போல் ஏறத்தாழ மூன்று பங்கு குடிக்கின்றார் என்பதே உண்மை. 650 மில்லி லிட்டர் கொண்ட பீர்ப் புட்டியில், 8 விழுக்காடு மதுச்சாரம் இருப்பின், 41 கிராம் அடங்கியுள்ளது. பீர் இலேசானது என்பதும் ஏமாற்றமே.

மேலும், ஒரு குவார்ட்டரில் உள்ள 61 கிராம் மதுச்சாரம் ஏறத்தாழ 425 கலோரி தருகின்றது. இஃது ஆறேழு இட்லிக்கு ஒப்பாகும். இரவுச் சோற்றுக்கு மேல் நாள்தோறும் இத்துணை மிகுதியானால், அது வயிற்றைச் சுற்றிப் படியாமல் வேறெங்குச் செல்லும்?

இனி, 65 மில்லி லிட்டரோடு நிறுத்திக்கொள்வேன் என்று ஒருவர் உறுதி கூறுவாராயின், அவருக்கு நன்மை உண்டோ? அதற்கும் விடை கிடைத்துள்ளது. 2015இல் அதே இதழில் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு 38 ஆய்வுகளையும், அவற்றில் இடம்பெற்ற ஏறத்தாழ 19 லட்சம் பேரையும் கணக்கில் எடுத்தது. சிறிதளவு மதுவால் நன்மை தோன்றியது பெண்களிடத்தும் ஆசியர் அல்லாதாரிடத்தும் மட்டுமே இருக்கலாம் என்றும், ஆசிய மக்களிடத்து அத்தகைய நன்மை காணப்படவில்லை என்றும் அது கூறியது. ஜப்பானில் நடைபெற்ற ஆய்வுகளிலோ, மெலிந்த உடலுடைய ஆண்கள் மிகுதியாகக் குடித்தபொழுது அவர்களுக்கு நீரிழிவு அபாயம் கூடியது. மெலிந்த ஆசிய ஆண் என்னும் வருணனை நம் உழவருக்கும் சூளைத் தொழிலாளருக்கும் பெரிதும் பொருந்துவது.

முன்னைய ஆய்வுகளில் நன்மைபோல் தோன்றியதற்கும் ஒரு காரணம் கூறப்படுகின்றது. நோய்வாய்ப்பட்டதனால் குடியை விட்டவர் பலர், அவ்வாய்வுகளில் ‘குடியாதவர்’ வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தனர். நோயாளிகளை ஒரு பக்கத்தில் நிறுத்தினால் மறுபக்கம் நலமுடையதாகத் தோன்றுவது இயல்பன்றோ? புற்றுநோய் முதலிய பிற கேடுகளையும் சேர்த்து நோக்கி, உடல்நலத்திற்குப் பாதுகாப்பான மது அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே நீரிழிவைத் தடுக்கும் மருந்தாக மதுவை நாடுதல் வீண் செயல்.

ஏற்கெனவே நீரிழிவு உடையவர்க்கு

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ கொள்பவர் மது அருந்துதல் உடனடி அபாயம் விளைவிப்பது. நாம் உண்ணாத வேளையில் சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்திற்கு அளிப்பது கல்லீரலின் கடமை. மது அக்கடமையைத் தடுக்கின்றது. சர்க்கரையைக் குறைக்கும் மருந்து ஒருபுறம், கல்லீரலின் வேலைநிறுத்தம் மறுபுறம், இடையில் வெறும் வயிறு; இம்மூன்றும் கூடினால் சர்க்கரை கீழ்நோக்கிச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடித்துப் பல மணி நேரம் கழித்து, உறக்கத்திலும் இவ்வாறு நிகழக்கூடும்.

இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. சர்க்கரை குறைந்தவருக்கு வியர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும், அறிவு தடுமாறும். வாயில் மதுநெடியும் இருந்துவிட்டால், காண்போர் “குடிபோதையில் கிடக்கின்றான்” என்று கடந்து சென்றுவிடுவர். நீரிழிவுடையவர் இந்நிலையில் இருப்பதைக் கண்டால், நினைவு இருப்பின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகச் செய்தல் வேண்டும். நினைவு இல்லையெனின் வாயில் எதையும் ஊற்றலாகாது. பக்கவாட்டில் படுக்க வைத்து 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

மெட்பார்மின் மாத்திரை உட்கொள்வோர் மிகுதியாகக் குடிப்பின், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் அரிய, ஆனால் கொடிய நிலை தோன்றக்கூடும். மாலையில் குடிப்பதற்காகக் காலையில் மாத்திரையை நிறுத்தும் வழக்கமும் தவறே. மருத்துவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காமல் கூறினால், அவர் ஏற்ற மருந்தைத் தேர்ந்து கொடுப்பார்.

கால்களைப் பற்றியும் கூறுதல் வேண்டும். நீரிழிவு நரம்புகளைக் கெடுப்பது. நெடுநாள் மதுவும் அவ்வாறே. இரண்டும் ஓருடலில் கூடினால் பாதத்தின் உணர்ச்சி விரைந்து மங்குகின்றது. சூளையருகே சுடுகல்லை மிதித்தவருக்குச் சூடு தெரிவதில்லை. வரப்பில் நடந்தவருக்கு முள் தைத்தது தெரிவதில்லை. தெரியாத புண் ஆறாத புண்ணாகி, விரலையும் காலையும் இழக்க நேர்ந்தவர் பலர். நாள்தோறும் இரவில் பாதங்களைக் கழுவித் துடைத்து, விளக்கொளியில் பார்த்தலும், வெறுங்காலோடு நடவாமையும் இவர்களுக்கு இன்றியமையாதன.

தடுக்க இயலுமா?

இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், நீரிழிவின் முன்னிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2006இல் அதன் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில், மூன்றாண்டுக் காலத்தில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் உடலுழைப்பையும் தொடர்ந்து ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. மருந்தின்றியே கிட்டிய பலன் இது.

அவ்வாய்வில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஏற்கெனவே உடலால் உழைப்பவர்க்குப் புதிதாகப் பயிற்சி எதுவும் கூறப்படவில்லை. இருக்கும் உழைப்பைத் தொடருமாறு மட்டும் கூறினர். நம் உழவருக்கும் தொழிலாளருக்கும் உழைப்பு ஏற்கெனவே உண்டு. அவர்கள் மாற்றிக்கொள்ளக் கூடியது உணவிலும் குடியிலும்தான் உள்ளது.

பச்சைப் பாண்டத்தில் தோன்றிய கீறலை ஈரக்கையால் தடவிச் சரிசெய்யலாம். சூளையினின்றும் வெளிவந்தபின் அவ்வாறு செய்ய இயலாது என்பதைப் பீங்கான் தொழிலாளர் நன்கறிவர். நீரிழிவின் முன்னிலையும் பச்சைப் பாண்டத்தை ஒத்தது. நோய் வந்தபின்னும் அதனைக் கட்டுக்குள் வைத்து நெடுநாள் வாழலாம். ஆயினும் வருமுன் தடுத்தல் எளிது, செலவும் குறைவு.

விட விரும்புவோர் கவனத்திற்கு

பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், தம் விருப்பப்படி ஒரே நாளில் நிறுத்திவிடுதல் ஆபத்தாகலாம். நிறுத்திய சில மணி நேரம் முதல் மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியன தோன்றும். சிலருக்கு வலிப்பும், இல்லாதவற்றைக் காணும் மனக்குழப்பமும் ஏற்படும். இதனைக் கண்டு அஞ்சி மீண்டும் குடிக்கத் தொடங்குபவர் பலர். ஆகவே இத்தகையோர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ போதைமீட்பு மையத்தையோ முதலில் அணுகி, மருத்துவர் துணையுடன் நிறுத்துதல் வேண்டும். 14446 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். குடிநோய் ஒழுக்கக்கேடு மட்டுமன்று. மருத்துவத்தால் தீர்க்கத்தக்க நோயுமாகும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மக்களின் ஊட்டத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவதும், உடல்நலத்திற்குத் தீங்கான மதுவை விலக்க முயல்வதும் அரசின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுகின்றது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணமெங்கும் பரவிற்று, 1971இல் தளர்த்தப்பட்டது. சட்டம் காலத்திற்கேற்ப மாறி வந்துள்ளது. கல்லீரலின் சட்டமோ மாறவில்லை. ஆகவே சட்டத்தை மட்டுமே எதிர்நோக்கியிராமல், ஊர் தானே செய்யக்கூடியவற்றைச் செய்தல் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னை அடையாற்றில் குடிநோயருக்கு மருத்துவம் செய்துவரும் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையினர், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் அமைத்துச் சிகிச்சை அளித்தனர். நோயாளியைப் பட்டணத்திற்கு அழைக்காமல், மருத்துவம் கிராமத்திற்குச் சென்றது. ஊராரும் குடும்பத்தாரும் உடன் நின்றனர். இவ்வனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994இல் வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்தெழுத, ‘மஞ்சக்குடி அனுபவம்’ எனப் பிறநாட்டாரும் அறியலாயினர். ஊர் ஒன்றுபட்டால் குடிநோயரையும் மீட்கலாம் என்பதற்கு இது சான்று.

பஞ்சாயத்துகள் பின்வரும் பணிகளை மேற்கொள்ளலாம்:

1. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளச் செய்தல். ஆண்களே சோதனைக்கு வரத் தயங்குவர். ஆகவே வேலைக்குச் செல்லுமுன் அதிகாலையிலும், தொழிற்கூட வாயிலிலும் சோதனை நடைபெற ஏற்பாடு செய்யுமாறு மருத்துவ அலுவலரைக் கேட்டல்.

2. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாக மருந்து பெறுவோர், இடையில் மருந்தை நிறுத்திவிடாமல் இருக்கின்றனரா எனக் களப்பணியாளருடன் சேர்ந்து கவனித்தல்.

3. கிராம சபைக் கூட்டத்தில் சுகாதாரச் செவிலியரையோ மருத்துவரையோ கொண்டு இப்பொருள் பற்றிக் கால்மணி நேரம் பேசச் செய்தல். குவார்ட்டர் புட்டியின் கணக்கை எல்லோர்க்கும் விளங்கப் போட்டுக் காட்டுதல்.

4. கூலி கொடுக்கும் நாளில் குடி பெருகுவதைத் தடுக்க, கூலியை வங்கிக் கணக்கில் செலுத்துமாறும், அதனை வீட்டுப் பெண்டிரும் அறியச் செய்யுமாறும் ஊக்குவித்தல்.

5. வேலையிடத்தில் குளிர்ந்த குடிநீர், நீர்மோர், நிழல், இடை ஓய்வு ஆகியவற்றிற்கு வழி செய்யுமாறு தொழிற்கூட உரிமையாளரிடம் எடுத்துக் கூறுதல். வெப்பத்தில் உழைத்தவருக்குத் தேவை நீரும் உப்பும் ஓய்வுமே. மது சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை மேலும் வற்றச் செய்யும்.

6. குடியை விட்டவரை ஊர்ப் பணிகளில் முன்னிறுத்தி மதித்தல். அவர் தவறி மீண்டும் குடித்தாலும் இகழாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல்.

இப்பணிகளுள் எதற்கும் பெருந்தொகை வேண்டுவதில்லை. அக்கறையும் தொடர் முயற்சியுமே வேண்டும்.

ஒரு குடும்பத்தின் உழைப்பாளி நாற்பது வயதில் பார்வையையோ காலையோ இழப்பாராயின், அவ்விழப்பை எந்தத் திட்டத்தாலும் முழுதும் ஈடுசெய்ய இயலாது. அவர் பிள்ளையின் படிப்பு நிற்கும். நிலம் அடமானத்திற்குச் செல்லும். மனைவி கூலிவேலை தேடி அலைவார். கிராம முன்னேற்றம் என்பது சாலையாலும் கட்டடத்தாலும் மட்டும் அமைவதன்று. அச்சாலையில் நடக்கும் கால்களும், அவ்வயலைக் காணும் கண்களும் நலமாயிருத்தலே அதன் அடிப்படை. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலில் தம் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டு, பின்னர்த் தம் வார்டிலுள்ளோரை அழைத்துச் செல்வாராக.